தின் கிளையன்ட் இணைப்புகளில் மறையாக்கமும் அமர்வும்: எந்த அமைப்பு எதைக் காக்கிறது?

விண்டோஸ் சர்வரில் ரிமோட் டெஸ்க்டாப் சேவையை நிறுவி, நிரல்களைச் சர்வரில் ஓடவிட்டுத் திரையை மட்டும் காட்டும் சிறு கருவிகளான தின் கிளையன்ட்களை அதனோடு இணைக்கும் நிர்வாகி, பாதுகாப்பு என்றதும், விண்டோஸ் கணினிகளின் அமைப்புகளை மையமாக வகுக்கும் குரூப் பாலிசியில் முதலில் தேடிப் போவது பெரும்பாலும் கிளையன்ட் இணைப்பின் மறையாக்க நிலையைக் குறிக்கும் அமைப்பைத்தான். அதை 'உயர்' என்று வைத்துவிட்டால் விசைத் தட்டல்களும் திரைக் காட்சிகளும் 128 பிட் விசையால் பூட்டப்பட்டுவிடும் என்ற நம்பிக்கையோடு அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். அதே அமைப்பின் விளக்கக் குறிப்பில் மைக்ரோசாஃப்ட் வேறொன்றையும் எழுதியிருக்கிறது: இது ரிமோட் டெஸ்க்டாப் நெறிமுறையான ஆர்டிபியின் சொந்த மறையாக்கத்துக்கு மட்டுமே பொருந்தும், இணையத்தில் பொதுவாகப் பயன்படும் எஸ்எஸ்எல் மறையாக்கத்துக்குப் பொருந்தாது, அந்தச் சொந்த மறையாக்கமோ பரிந்துரைக்கத்தக்கது அன்று. இன்றைய இணைப்புகளில் பெரும்பாலானவை எஸ்எஸ்எல்லின் வழித்தோன்றலான டிஎல்எஸ் வழியே செல்வதால், கவனமாகத் தேர்ந்தெடுத்த அந்த 'உயர்' நிலை நடைமுறையில் எதையும் தீர்மானிப்பதில்லை.

பெயரில் மறையாக்கத்தைத் தாங்கிய அமைப்பே ஏன் இப்படி ஓரங்கட்டப்பட்டது என்பதை அறிய 1998 வரை பின்னோக்கிச் செல்ல வேண்டும். அந்த ஆண்டில் விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சர்வர் பதிப்போடு ஆர்டிபி 4.0 வெளிவந்தது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் டி.128 என்ற பயன்பாட்டுப் பகிர்வு நெறிமுறையை அடித்தளமாகக் கொண்டு அது உருவாக்கப்பட்டிருந்தது. பயனரின் மேசையில் இருக்கும் சிறு கருவி விசைத் தட்டல்களையும் மவுஸ் அசைவுகளையும் மேலே அனுப்பும். சர்வர் திரையை வரைவதற்கான கட்டளைகளைக் கீழே அனுப்பும். நிரல்கள் அனைத்தும் சர்வரிலேயே ஓடும். வலிமையான மறையாக்க மென்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கு அமெரிக்க அரசு கட்டுப்பாடு விதித்திருந்த காலம் அது. ஆர்சி4 என்னும் தொடர் மறையாக்க முறையில் 40, 56, 128 பிட் என மூன்று அளவு விசைகள் ஆர்டிபியில் இடம்பெற்றதன் பின்னணியில் அந்தக் கட்டுப்பாடு இருக்கிறது.

இன்றும் அமைப்புப் பட்டியலில் தென்படும் நான்கு நிலைகள் அந்தக் காலத்தின் எச்சங்கள். அவற்றுள் 'தாழ்' நிலையைச் சற்று நின்று பார்ப்பது தகும், ஏனெனில் அதன் பெயர் அதன் இயல்பை முழுமையாகச் சொல்வதில்லை. அந்த நிலையில் கிளையன்டிலிருந்து சர்வருக்குச் செல்லும் தரவு மட்டும் 56 பிட் விசையால் மறைக்கப்படும். சர்வரிலிருந்து வரும் திரைக் காட்சிகள் மறைப்பின்றியே வரும். கடவுச்சொல் திருடு போகாது என்றாலும், ஊதியப் பட்டியலையோ நோயாளியின் பரிசோதனை அறிக்கையையோ திரையில் திறந்தவுடன் அது வெட்டவெளியில் பயணம் செய்யும். 'கிளையன்டுக்கு இசைந்தது' என்ற நிலை, எதிர்முனைக் கருவியால் எவ்வளவு இயலுமோ அவ்வளவு விசை நீளத்தை ஏற்கும். 'உயர்' நிலை 128 பிட்டுக்குக் குறைந்ததை மறுக்கும். நான்காவதான, அமெரிக்க அரசின் மறையாக்கத் தரத்தின் பெயரைத் தாங்கிய எஃப்ஐபிஎஸ் நிலை, ஆர்சி4 முறையை விட்டு மூன்றடுக்கு டெஸ் முறைக்கு மாறும்.

விசையின் நீளத்தைக் கூட்டினாலும் தீராத குறை ஒன்று இந்தக் கட்டமைப்பின் அடியில் இருந்தது. எதிர்முனையில் இருப்பது உண்மையிலேயே நம்முடைய சர்வர்தானா என்பதைக் கிளையன்ட் உறுதிசெய்துகொள்ள வழியில்லை. சர்வர் தன் பொது விசையை ஒரு கையொப்பத்தோடு அனுப்பும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கையொப்பத்தை இடுவதற்கான தனி விசை, விண்டோஸுடன் எல்லோருக்கும் கிடைக்கும் டிஎல்எல் என்னும் நிரல் நூலகக் கோப்பு ஒன்றுக்குள்ளேயே இருந்தது என்பது 2005ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. பின்னாளில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட நெறிமுறை ஆவணத்திலும் அந்த விசை அச்சாகியிருக்கிறது. ஆகவே, வலையமைப்பின் நடுவே புகுந்துகொண்ட எவரும் தம்மைச் சர்வராகக் காட்டிக் கையொப்பமிட்டு, இருபுறமும் தனித்தனியே 128 பிட் மறையாக்கத்தோடு பேசிக்கொண்டே, இடையில் அனைத்தையும் படித்துவிட முடியும். யாரிடம் கொடுக்கிறோம் என்று தெரியாமல் பெட்டிக்கு எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டாலும் பயன் இராது.

இக்குறையைக் களையும் விதமாக, விண்டோஸ் சர்வர் 2003இன் முதல் சர்வீஸ் பேக்கிலிருந்து ஆர்டிபி இணைப்பை டிஎல்எஸ் உறைக்குள் வைத்து அனுப்பும் வசதி சேர்க்கப்பட்டது. உண்மையான தீர்மானத்தை எடுக்கும் அமைப்பு இதன் பின்னர் 'பாதுகாப்பு அடுக்கு' என்பதாயிற்று. அதற்கு மூன்று மதிப்புகள் உண்டு: 0 என்றால் ஆர்டிபியின் பழைய சொந்த மறையாக்கம், 1 என்றால் இருமுனைகளும் பேசி முடிவுசெய்துகொள்ளும் பேச்சுவார்த்தை, 2 என்றால் டிஎல்எஸ் மட்டும். நடு மதிப்பு நயமானதாகத் தோன்றும். பழைய கருவி எதுவும் விடுபட்டுப் போகாது என்பதால் நிர்வாகிகள் அதை விரும்புவதிலும் வியப்பில்லை. ஆயினும், டிஎல்எஸ் தெரியாது என்று சொல்லும் எந்தக் கருவிக்காகவும் சர்வர் பழைய முறைக்கு இறங்கி வரச் சம்மதிப்பதே அதன் பொருள் என்பதால், அப்படிச் சொல்வது நம் கருவியா நடுவில் இருக்கும் அந்நியரா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. அலுவலகத்தில் இருக்கும் கருவிகள் அனைத்தும் டிஎல்எஸ் அறிந்தவை என்று உறுதியான அன்றே இந்த மதிப்பை 2க்கு மாற்றிவிடுவதுதான் முறை.

சர்வர் பக்கத்தில் இது ஒரு நிமிட வேலை. சிக்கல் தொடங்குவது மேசையில் இருக்கும் கருவியில். விண்டோஸ் சர்வர் தன் அடையாளத்தைக் காட்டும் ஒரு சான்றிதழைத் தானாகவே உருவாக்கித் தானே கையொப்பமிட்டுக்கொள்ளும். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்துக்கொள்ளவும் செய்யும். தானே கையொப்பமிட்ட சான்றிதழை எந்தக் கிளையன்டும் காரணமின்றி நம்ப முடியாது என்பதால், ஒவ்வொரு நாள் காலையும் பயனரின் திரையில் ஓர் எச்சரிக்கை எழும். அவர் அதைப் படிக்காமலே 'ஆம்' என்று அழுத்துவார், அல்லது உதவி மையத்தை அழைப்பார். அழைப்புகள் பெருகியதும் நிர்வாகி கருவியின் அமைப்பில் சான்றிதழ் சோதனையை முற்றாக நிறுத்திவிடுவார். திறமூல ஃப்ரீஆர்டிபி நிரலை உள்ளே கொண்ட லினக்ஸ் தின் கிளையன்ட்களில், சான்றிதழைப் பொருட்படுத்தாதே என்ற கட்டளைத் தெரிவை ஒருவர் எழுதியதிலிருந்து மற்றவர் எடுத்து ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அந்த ஒரு தெரிவு, டிஎல்எஸ்ஸை 2005க்கு முந்தைய நிலைக்கே கொண்டுபோய்விடுகிறது: மறையாக்கம் வலிமையாக இருக்கும், ஆனால் யாரோடு என்பது தெரியாது.

முதல் முறை பார்த்த சான்றிதழை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அது மாறியிருந்தால் மட்டும் எச்சரிப்பது என்ற இடைவழி ஒன்றும் உண்டு. மடிக்கணினியில் அது ஓரளவு பயன் தரும். தின் கிளையன்டில் நிலைமை வேறு. பெரும்பாலான தின் கிளையன்ட்களின் இயங்குதளம் எழுத முடியாத வட்டில் இருக்கும், அல்லது எழுதியதையெல்லாம் மறுதொடக்கத்தில் அழித்துவிடும் வடிகட்டியின் பின்னால் இருக்கும். கருவி தூய்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த அந்த ஏற்பாட்டினால், நினைவில் வைத்த சான்றிதழும் இரவில் மின்சாரத்தை நிறுத்தியதும் மறைந்துபோகும். ஒவ்வொரு காலையும் அந்தக் கருவிக்கு முதல் காலைதான்.

ஆகையால் உள்ளகச் சான்றளிப்பு மையம் ஒன்றை அமைத்து, அதன் வேர்ச் சான்றிதழைத் தின் கிளையன்டின் அடிப்படை இயங்குதளப் படிமத்திலேயே சேர்த்து, சர்வர்களுக்கு அம்மையத்தின் சான்றிதழ்களை வழங்குவதைத் தவிர வேறு நிறைவான வழி இல்லை. வழங்கும்போது இரு சிறு செய்திகள் நினைவில் இருக்க வேண்டும். இணைப்பு அமைப்பில் சர்வரின் ஐபி முகவரியை எழுதிவிட்டுச் சான்றிதழில் அதன் முழுப் பெயரை எழுதினால், இரண்டும் பொருந்தாமல் எச்சரிக்கை திரும்பவும் எழும். கருவியின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். தாய்ப்பலகையிலுள்ள பட்டன் மின்கலம் தீர்ந்துபோன பழைய கருவி, மின்சாரம் வந்ததும் பல ஆண்டுகள் பின்னோக்கிய தேதியோடு விழிக்கும். அந்தத் தேதியில் புதிய சான்றிதழ் இன்னும் பிறந்திருக்காது. நேர ஒத்திசைவைத் தின் கிளையன்ட் அமைப்பின் முதல் வரியாக எழுதுவது வீண் பிடிவாதம் அன்று.

டிஎல்எஸ் சர்வரின் அடையாளத்தைக் காட்டுகிறது. பயனரின் அடையாளத்தை அமர்வு தொடங்கும் முன்பே சோதிப்பது, விண்டோஸ் விஸ்டாவோடும் சர்வர் 2008ஓடும் வந்த என்எல்ஏ எனப்படும் வலையமைப்பு நிலைச் சரிபார்ப்பு. அது இல்லாவிட்டால், இணைப்புக் கேட்கும் எவருக்கும் சர்வர் ஓர் அமர்வை உருவாக்கி, உள்நுழைவுத் திரையை வரைந்து காட்டிவிட்டுத்தான் நீ யார் என்று கேட்கும். 2019 மே மாதம் திருத்தம் வெளியான ப்ளூகீப் என்னும் ஓட்டை, இப்படி உள்நுழைவுக்கு முன்பே திறந்திருந்த கதவின் வழியாக வந்தது. என்எல்ஏ இயங்கிய சர்வர்களில் தாக்குபவருக்கு முதலில் செல்லுபடியாகும் ஒரு கணக்கு தேவைப்பட்டது. என்எல்ஏ தன் சரிபார்ப்பை டிஎல்எஸ் உறைக்குள்ளேயே நடத்துவதால், அதைக் கட்டாயமாக்கினால் பழைய சொந்த மறையாக்கத்துக்கு இறங்கும் வழியும் அடைபடுகிறது என்பது கூடுதல் பயன். ஒரேயொரு அமைப்பை மட்டும் மாற்ற அனுமதி உண்டு என்றால் நான் இதைத்தான் மாற்றுவேன்.

அதற்கும் ஒரு விலை உண்டு. அடுத்த உள்நுழைவில் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று குறிக்கப்பட்ட பயனரால் என்எல்ஏ வழியே நுழைய முடியாது; கடவுச்சொல்லை மாற்றும் திரை அமர்வுக்குள்ளே இருக்கிறது, அமர்வு திறக்கும் முன்பே என்எல்ஏ பழைய கடவுச்சொல்லை ஏற்க மறுக்கிறது. சொந்தக் கணினி வைத்திருப்பவர் அதிலேயே மாற்றிக்கொள்வார். தின் கிளையன்ட் மட்டுமே உள்ள ஊழியருக்கு அந்த வழியும் இல்லை என்பதால், இணைய உலாவி வழியாகக் கடவுச்சொல்லை மாற்றும் பக்கத்தை முன்கூட்டியே அமைத்துவைக்காத நிறுவனங்களில், மாதத் தொடக்கத்தில் என்எல்ஏவை நிறுத்திவைப்பதே வழக்கமாகிவிடுகிறது.

என்எல்ஏவுக்கு அடியில் இருந்து பயனரின் உள்நுழைவுச் சான்றுகளைச் சர்வருக்குக் கொண்டுசேர்க்கும் கிரெட்எஸ்எஸ்பி என்ற நெறிமுறையிலும் 2018இல் ஓர் ஓட்டை கண்டறியப்பட்டது. மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதத்தில் திருத்தத்தை வெளியிட்டு, மே மாதத்தில் அதன் பாதுகாப்பான நிலையை இயல்பிருப்பாக்கியது. திருத்தம் பெற்ற கிளையன்ட், பெறாத சர்வரோடு பேச மறுத்தது; சர்வரில் கட்டாய நிலை வைக்கப்பட்டிருந்தால், திருத்தம் பெறாத கிளையன்டை அதுவும் மறுத்தது. உலகெங்கும் இணைப்புகள் அறுந்தன. கணினிகள் தானாகப் புதுப்பித்துக்கொண்டு மீண்டுவிட்டன. தின் கிளையன்ட்களுக்கோ உற்பத்தியாளர் புதிய படிமத்தை வெளியிட்டு, அதை ஒவ்வொரு கருவியிலும் ஏற்றும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை சமாளிக்கும் பொருட்டுக் குரூப் பாலிசியில் பாதிப்புக்கு உட்பட்ட நிலையை அனுமதிக்கும் மதிப்பு வைக்கப்பட்டது. தற்காலிகமாக வைத்த அத்தகைய மதிப்புகளைத் திரும்ப எடுப்பதற்கு யாரும் நாள் குறித்து வைப்பதில்லை. பழைய கொள்கைக் கோப்புகளைச் சோதிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடங்களுள் இதுவும் ஒன்று.

டிஎல்எஸ்ஸின் பதிப்பைப் பற்றியும் இதே வகையில்தான் முடிவெடுக்க வேண்டும். ஆர்சி4ஐ டிஎல்எஸ்ஸில் பயன்படுத்தக் கூடாது என்று இணையத் தர அமைப்பான ஐஇடிஎஃப் 2015இல் விலக்கியது, 1.0, 1.1 ஆகிய பதிப்புகளை 2021இல் கைவிட்டது. விண்டோஸ் 7, சர்வர் 2008 ஆர்2 ஆகியவற்றின் ரிமோட் டெஸ்க்டாப் சேவை 1.1, 1.2 பதிப்புகளைப் பேசுவதற்கே 2015ஆம் ஆண்டுப் புதுப்பிப்பு ஒன்று தேவைப்பட்டது. எனவே சர்வரில் 1.0ஐ நிறுத்தும் முன், எந்தத் தளத்தில், எந்த அறையில், எந்த ஃபர்ம்வேர் பதிப்பில் எத்தனை கருவிகள் உள்ளன என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். 1.2 பேசாத கருவிகளுக்கு உற்பத்தியாளரின் புதுப்பிப்பும் இல்லையென்றால், அவற்றை மாற்றுவதற்கான செலவைக் கேட்டு எழுதுவதுதான் நேர்மையான வழி. அவற்றுக்காக முழு சர்வரையும் பழைய பதிப்பில் வைத்திருப்பது பட்டியலில் இல்லாத செலவு.

இவ்வளவையும் சரியாக அமைத்த பின்னும், அந்த அமைப்புகள் கருவிக்கு எப்படிப் போய்ச் சேருகின்றன என்பதைப் பார்க்காமல் விட்டால் உழைப்பு வீணாகலாம். தின் கிளையன்ட்கள் தொடங்கும்போது மையச் சர்வரிலிருந்து தம் அமைப்புக் கோப்பை இறக்கிக்கொள்கின்றன. எந்தச் சர்வரோடு இணைய வேண்டும், சான்றிதழைச் சோதிக்க வேண்டுமா, எந்த மறையாக்கத்தை ஏற்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கோப்பில்தான் எழுதப்பட்டிருக்கும். டெல் நிறுவனத்தின் தின் கிளையன்ட் இயங்குதளமான வைஸ் தின்ஓஎஸ் 8.6ஐயும் அதற்கு முந்தைய பதிப்புகளையும் பாதித்த இரு ஓட்டைகள் 2020 டிசம்பரில் வெளியிடப்பட்டன. கடுமை அளவுகோலில் இரண்டும் உச்சமான 10 மதிப்பெண் பெற்றன. அமைப்புக் கோப்புகள் பெயரோ கடவுச்சொல்லோ கேட்காத எஃப்டிபி என்னும் கோப்புப் பரிமாற்றச் சர்வரில் வைக்கப்பட்டதும், வலையமைப்பில் இருக்கும் எவரும் அவற்றைப் படிக்கவும் திருத்தவும் முடிந்ததும்தான் காரணம். சான்றிதழ் சோதனையை நிறுத்தும் ஒரு வரியை அந்தக் கோப்பில் யாரேனும் சேர்த்துவிட்டால், அடுத்த காலை எல்லாக் கருவிகளும் பணிவோடு அதற்குக் கட்டுப்படும். ஆகவே அமைப்புக் கோப்பை எச்டிடிபிஎஸ் வழியே, சர்வரின் சான்றிதழைச் சோதித்த பிறகே இறக்குமாறு வைப்பது, ஆர்டிபி இணைப்பின் மறையாக்கத்துக்கு முந்தைய படியாகும்.

இனி அமர்வு. மறையாக்கம் தரவு பயணிக்கும் பாதையைக் காக்கிறது. பயணம் முடிந்த பிறகு சர்வரில் என்ன எஞ்சியிருக்கிறது என்பதை அமர்வு அமைப்புகள் தீர்மானிக்கின்றன. தின் கிளையன்ட் பயனர்கள் மாலையில் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: கருவியின் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு எழுந்து போவது. அவர்கள் கணினியை மூடிவிட்டதாக நினைக்கிறார்கள். சர்வரின் பார்வையில் இணைப்பு மட்டுமே அறுந்திருக்கிறது. திறந்திருந்த கோப்புகள், ஓடிக்கொண்டிருந்த நிரல்கள், உள்நுழைந்த பயனரின் அடையாளச் சான்றுகள் எல்லாம் நினைவகத்தில் அப்படியே இருக்கின்றன. எந்தக் கால வரம்பும் வைக்கப்படாவிட்டால், இணைப்பறுந்த அமர்வு வரையறையின்றி உயிரோடு இருப்பதுதான் இயல்பிருப்பு. விடுப்பில் போன ஊழியரின் அமர்வு, அவர் திரும்பி வரும் வரையிலோ சர்வரை மறுதொடக்கம் செய்யும் வரையிலோ காத்திருக்கும்.

இதை வெறும் நினைவக விரயமாகக் கருதிவிடக் கூடாது. விண்டோஸ் சர்வர் 2016 வரையிலான பதிப்புகளில், சர்வரில் சிஸ்டம் எனப்படும் உச்ச உரிமையைக் கைப்பற்றிய ஒருவர், விண்டோஸிலேயே உள்ள டிஎஸ்கான் என்ற கட்டளையைக் கொண்டு, இணைப்பறுந்து கிடக்கும் வேறொருவரின் அமர்வுக்குள் கடவுச்சொல் இல்லாமலே நுழைய முடியும். அந்த அமர்வு, வலையமைப்பின் எல்லாக் கணினிகளையும் ஆளும் டொமைன் நிர்வாகியுடையதாக இருந்தால், ஒரு சர்வரில் நேர்ந்த உடைப்பு முழு வலையமைப்புக்கும் பரவுகிறது. எனவே இணைப்பறுந்த அமர்வுகளுக்கு ஒரு முடிவு நேரம் கட்டாயம் வேண்டும். அலுவலகப் பணியாளர்களுக்கு ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் பொருத்தமானது என்பது என் கணிப்பு. வலையமைப்பு சிறிது நேரம் தடைபட்டாலும் வேலை காப்பாற்றப்படும், இரவு முழுவதும் அமர்வு கிடக்காது. நிர்வாகக் கணக்குகளுக்குப் பதினைந்து நிமிடமே மிகுதி.

செயலற்ற நேர வரம்பை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. செயலற்றது என்பதை சர்வர் விசைப்பலகை, மவுஸ் உள்ளீட்டை மட்டுமே கொண்டு அளக்கிறது. மாத இறுதிக் கணக்கை ஓடவிட்டுத் தேநீர் குடிக்கப் போன கணக்காளரின் அமர்வு, செயலி முழு வேகத்தில் உழைத்துக்கொண்டிருக்கும்போதும் செயலற்றதாகவே எண்ணப்படும். அந்நிலையில் அமர்வு இணைப்பறுந்தால் பாதகமில்லை, நிரல் தொடர்ந்து ஓடும். ஆனால் கால வரம்பை எட்டியதும் அமர்வையே முடித்துவிடும்படி சொல்லும் தனி அமைப்பு ஒன்று உண்டு; அது இயக்கப்பட்டிருந்தால் இணைப்பறுப்புக்குப் பதிலாக அமர்வு மூடப்பட்டு, சேமிக்காத வேலை அழியும். திரையில் இரண்டு நிமிடம் முன்னதாக எச்சரிக்கை வரும் என்பது உண்மைதான்; தேநீர் குடிப்பவர் அதைப் பார்க்கப்போவதில்லை. பொது நூலகத்தின் தேடல் முனையம் போன்ற இடங்களைத் தவிர வேறெங்கும் அந்த அமைப்பை இயக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். செயலற்ற அமர்வை இணைப்பறுக்கட்டும்; இணைப்பறுந்த அமர்வை அதற்குரிய வரம்பு முடிக்கட்டும்; இரண்டு படிகளாக நடப்பதில்தான் பயனருக்கு மீள்வதற்கான இடைவெளி கிடைக்கிறது. செயலில் இருக்கும் அமர்வுக்கு ஒட்டுமொத்த வரம்பு வைக்கும் அமைப்போ, ஷிஃப்ட் முறையில் இயங்கும் இடங்களுக்கு வெளியே தொல்லையே தரும். இவ்வரம்புகள் கணினிக்கான கொள்கையிலும் பயனருக்கான கொள்கையிலும் இருக்கின்றன. இரண்டிலும் எழுதப்பட்டிருந்தால் கணினிக்கானதே செல்லும் என்பதை அறியாமல், பயனர் பக்கத்தில் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

இணைப்பு அறுந்ததும் தானாக மீண்டும் இணைவது இன்னொரு வசதி. ஐந்து விநாடிக்கு ஒரு முறையாக இருபது முறை வரை கிளையன்ட் முயலும். கடவுச்சொல்லைத் திரும்பக் கேட்காமல், முன்பே பெற்ற குக்கி என்னும் அடையாளத் துணுக்கைக் காட்டி நுழையும். 2019 ஜூனில் மென்பொருள் ஓட்டைகளை அறிவிக்கும் அமெரிக்காவின் செர்ட் ஒருங்கிணைப்பு மையம் இதைப் பற்றி ஓர் அறிவிப்பு வெளியிட்டது: விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலும் சர்வர் 2019இலும் தொடங்கி, என்எல்ஏ வழியே திறந்த அமர்வைப் பயனர் பூட்டிவிட்டுப் போன பின் வலையமைப்பு ஒரு கணம் அறுந்து மீண்டால், அமர்வு பூட்டுத் திரைக்குத் திரும்பாமல் திறந்த நிலையிலேயே வந்து நிற்கும். கருவியின் வலையமைப்புக் கம்பியைப் பிடுங்கிச் செருகினாலே போதும். தொலைநிலை அமர்வை நம்பாமல் உள்ளூர்க் கணினியைப் பூட்டுங்கள் என்பது அப்போது தரப்பட்ட அறிவுரை. பூட்டுவதற்கு உள்ளூரில் எதுவுமே இல்லாத தின் கிளையன்டுக்கு அது பொருந்தாது என்பதால், பொதுவெளியில் இருக்கும் கருவிகளில் தானியங்கி மறு இணைப்பை நிறுத்திவிட்டு, எழுந்து போகும்போது பூட்டுவதற்குப் பதிலாக இணைப்பறுக்கப் பழக்குவதே தக்கது.

அதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வும் உண்டு: கருவி மின்தடையால் சட்டென அணைந்துவிட்டால், சர்வர் அதை உடனே உணர்வதில்லை, அமர்வு செயலில் இருப்பதாகவே காட்டும். பயனர் திரும்பி வந்து இணையும்போது, ஒரு பயனருக்கு ஓர் அமர்வு என்ற கட்டுப்பாடு இல்லாவிட்டால், பழையதை விட்டுப் புதிய அமர்வு திறக்கும். அவர் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பழைய அமர்வால் பூட்டப்பட்டிருக்கும். மின்தடை வழக்கமான ஊர்களில், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று ஒரு நிமிட இடைவெளியில் சோதிக்கும் அமைப்பையும் ஓர் அமர்வுக் கட்டுப்பாட்டையும் சேர்த்தே இயக்க வேண்டும்.

கிளிப்போர்டு, யூஎஸ்பி, உள்ளூர் வட்டு ஆகியவற்றை அமர்வுக்குள் கொண்டுவரும் வசதிகளைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. தேவை என்று எழுத்தில் கேட்கப்படும் வரை மூடி வைக்கலாம். அச்சுப்பொறி மட்டும் விதிவிலக்கு. மற்றவற்றைக் கருவியின் அமைப்பில் மூடினால் போதாது, சர்வரின் கொள்கையில் மூட வேண்டும்.

அமைத்து முடித்ததைச் சோதிக்கும் வழி எளியது. உள்ளக மையத்தின் சான்றிதழ் இல்லாத ஒரு சோதனைச் சர்வரின் முகவரியை உள்ளகப் பெயர்ச் சேவையில் உண்மையான சர்வரின் பெயருக்குத் தற்காலிகமாகக் கொடுத்து, ஒரு தின் கிளையன்டைத் தொடங்கிப் பார்க்க வேண்டும். உள்நுழைவுத் திரை வருகிறதென்றால் சான்றிதழ் சோதனை நடைபெறவில்லை. அடுத்து, சொந்த மறையாக்கத்தை மட்டும் பயன்படுத்துமாறு கட்டாயப்படுத்திய ஃப்ரீஆர்டிபியால் உண்மையான சர்வரை அழைக்க வேண்டும். சர்வர் மறுக்க வேண்டும். பின்னர் ஓர் அமர்வைத் திறந்து, பூட்டி, கம்பியைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்துச் செருகிப் பார்க்க வேண்டும். கடைசியாக, இரவு பத்து மணிக்குச் சர்வரில் அமர்வுப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், பகலில் எழுதிய கால வரம்புகள் உண்மையில் நடைமுறைக்கு வந்தனவா என்பது தெரிந்துவிடும். பட்டியலில் இன்னும் இருபது பெயர்கள் இருந்தால், கணினிக்கான கொள்கையிலிருந்து தேடலைத் தொடங்கலாம்.